சத்தம் போடாத கார்! செய்தவர் ஒரு வெண்ணெய்ப் பத்திரிகைக்காரர்

அவர் எஞ்சினீயர் அல்ல. பால் விலையும் வெண்ணெய் விலையும் எழுதிப் பத்திரிகை நடத்தியவர்.

அப்படிப்பட்டவர் ஒரு மோட்டார் எஞ்சினைக் கண்டுபிடித்தார். இங்கிலாந்து மன்னர் ஏறிச் சென்ற காரில் அந்த எஞ்சின் இருந்தது. உலகத்திலேயே முதல் தடவையாகப் போர்க்களத்துக்குப் போன டாங்கியிலும் அந்த எஞ்சின்தான் இருந்தது.

இவ்வளவுக்கும் காரணம் ஓர் எரிச்சல். அவர் ஆசையாக வாங்கிய கார் ஓயாமல் சத்தம் போட்டது!

அவர் பெயர் சார்லஸ் யேல் நைட்.

மஞ்சள் வெண்ணெய்ச் சண்டை

1868-ம் ஆண்டு அமெரிக்காவில் உள்ள இந்தியானா மாநிலத்தில் நைட் பிறந்தார். அச்சுத் தொழில் செய்தார். பிறகு பத்திரிகைத் தொழிலில் இறங்கினார். சிகாகோ நகரில் பால் பண்ணைக்காரர்களுக்காக ஒரு பத்திரிகை நடத்தினார்.

அப்போது அமெரிக்காவில் வெண்ணெய்க்கு ஒரு போட்டி வந்திருந்தது. அதற்கு மார்கரின் என்று பெயர். கொழுப்பிலிருந்து செய்யப்படும் செயற்கை வெண்ணெய். விலை மலிவு. ஆனால் நிறம் வெளுப்பு. அதில் மஞ்சள் சாயத்தைக் கலந்து, அசல் வெண்ணெய் என்று சொல்லிச் சிலர் விற்றார்கள். நெய்யில் வனஸ்பதியைக் கலந்து விற்கிறவர்களைப் பற்றி நமக்குத் தெரியாதா? அதே கதைதான்.

பால் பண்ணைக்காரர்கள் கொதித்து எழுந்தார்கள். தேசிய பால் பண்ணைச் சங்கத்தின் செயலாளராக நைட் பாடுபட்டார். வாஷிங்டன் நகருக்குப் போய், சட்டசபை விசாரணைகளில் வாதாடினார். 1902-ம் ஆண்டு சட்டம் வந்தது. மஞ்சள் சாயம் போட்ட மார்கரினுக்கு, ராத்தலுக்கு 10 சென்ட் வரி. சாயம் போடாததற்குக் கால் சென்ட் வரி.

ஒரு காரியத்தைப் பிடித்தால் விடமாட்டார் என்பதற்கு இது ஓர் அடையாளம். அந்தப் பிடிவாதம் பின்னால் எஞ்சின் விஷயத்தில் அவருக்குத் தேவைப்பட்டது.

முள்ளம்பன்றி கார்

பத்திரிகைக்குச் செய்தி திரட்ட ஊர் ஊராகப் போகவேண்டும். அதற்காக 1901-ம் ஆண்டு வாக்கில் நைட் ஒரு கார் வாங்கினார். நாக்ஸ் கம்பெனி கார். மூன்று சக்கரம், ஒரே ஒரு சிலிண்டர்.

அந்தக் காருக்கு முள்ளம்பன்றி என்று ஒரு பட்டப் பெயர் உண்டு. எஞ்சினைக் குளிர வைக்கத் தண்ணீர் கிடையாது. சிலிண்டரைச் சுற்றி நூற்றுக்கணக்கான இரும்பு முளைகளைத் திருகி வைத்திருந்தார்கள். காற்று பட்டு அவை குளிரும். பார்ப்பதற்கு முள்ளம்பன்றி மாதிரியே இருக்கும்.

முள்ளம்பன்றி ஓடியது. ஆனால் அதன் வால்வுகள் போட்ட சத்தம் நைட்டுக்குத் தாங்கவில்லை.

வேறு யாராக இருந்தாலும், கார் என்றால் சத்தம் போடத்தான் செய்யும் என்று சும்மா இருந்திருப்பார்கள். அல்லது காரை விற்றுவிட்டுக் குதிரை வண்டிக்குத் திரும்பியிருப்பார்கள். சத்தம் இல்லாத எஞ்சினை நாமே செய்தால் என்ன என்று நைட் நினைத்தார்.

சத்தம் ஏன் வருகிறது?

எஞ்சினுக்குள் சிலிண்டர் என்று ஓர் உருளை இருக்கிறது. அதற்குள் பிஸ்டன் மேலும் கீழும் போய் வருகிறது. பிஸ்டன் முதல் தடவை கீழே இறங்கும்போது, பெட்ரோல் ஆவியும் காற்றும் உள்ளே வருகின்றன. மேலே ஏறும்போது அவற்றை அழுத்துகிறது. அப்போது ஒரு தீப்பொறி. ஆவி பற்றி எரிந்து, பிஸ்டனைக் கீழே தள்ளுகிறது. வண்டியை ஓட்டுவது இந்தத் தள்ளல்தான். மறுபடி பிஸ்டன் மேலே ஏறும்போது, எரிந்த புகையை வெளியே தள்ளுகிறது.

ஆகவே இரண்டு வாசல் வேண்டும். ஆவி வர ஒன்று. புகை போக ஒன்று. இந்த வாசல்களின் கதவுகளே வால்வுகள்.

சாதாரண வால்வு குடைக்காளான் போல் இருக்கும். மேலே வட்டத் தலை. கீழே மெல்லிய தண்டு. தண்டைத் தள்ளினால் வாசல் திறக்கும். தள்ளுவதை நிறுத்தினால், ஸ்பிரிங் இழுத்து மூடும்.

எஞ்சின் நிமிடத்துக்கு 1000 தடவை சுற்றினால், ஒவ்வொரு வால்வும் 500 தடவை திறந்து 500 தடவை மூடவேண்டும். ஒரு நிமிடத்தில் 500 தடவை இரும்புக் கதவு இரும்பு நிலையில் அடித்தால் காது என்ன ஆகும்? அந்தக் காலத்தில் ஸ்பிரிங்கும் தண்டும் வெளியே தெரியும்படி, மூடி இல்லாமல் கிடந்தன. தூசி வேறு ஏறும்.

நைட் வாங்கிய காரில் இன்னொரு தொல்லையும் இருந்தது. அதில் ஆவி வரும் வால்வைத் திறக்கத் தனிக் கருவி கிடையாது. பிஸ்டன் இறங்கும்போது ஏற்படும் உறிஞ்சலில் அது தானாகவே திறக்கும். தானாகவே படபடவென்று அடித்துக்கொள்ளும்.

புகை போகும் வால்வின் பாடு இன்னும் மோசம். நெருப்பு அதைத் தாண்டித்தான் போகவேண்டும். அது பழுக்கக் காயும். அதன் விளிம்பு கருகும், பள்ளம் விழும். பிறகு சரியாக மூடாது. அடிக்கடி கழற்றித் தேய்த்துச் சரி செய்யவேண்டும். அந்த நாளில் கார் வைத்திருந்தவர்களுக்கு இது தலைவலி பிடித்த வேலை.

இரண்டு டம்ளர்

கதவு அடிப்பதால்தானே சத்தம்? அடிக்காத கதவு செய்தால்? நழுவிப் போகிற கதவு செய்தால்?

நழுவும் வால்வு புதிது அல்ல. ரயில் எஞ்சின்களில் நீராவியை விடுவதும் அடைப்பதும் நழுவும் வால்வுதான். ஆனால் பெட்ரோல் எஞ்சினில் உள்ள சூட்டை அப்படிப்பட்ட வால்வு தாங்குமா என்பதுதான் கேள்வி.

நைட் முதலில் செய்த யோசனை விபரீதமானது. வால்வு நகருவதற்குப் பதிலாக, சிலிண்டரையே மேலும் கீழும் நகர்த்தினால் என்ன? அப்படி ஒரு ஏற்பாடு செய்து பேட்டெண்டு கூட வாங்கினார். அது சரிப்படவில்லை. கைவிட்டார்.

பிறகு வந்ததுதான் அவருக்குப் புகழ் தந்த யோசனை.

அடி இல்லாத இரண்டு டம்ளர்களை எடுத்துக்கொள்ளுங்கள். ஒன்றுக்குள் ஒன்று வழுவழுப்பாக நுழையவேண்டும். இரண்டின் பக்கங்களிலும் துவாரங்கள் போடுங்கள். இரண்டையும் மேலும் கீழும் நகர்த்துங்கள். துவாரங்கள் நேருக்கு நேர் வரும்போது வழி திறக்கும். விலகினால் வழி அடைபடும். தட்டல் இல்லை, அடித்தல் இல்லை, ஸ்பிரிங்கும் இல்லை.

நைட்டின் எஞ்சினில் ஒவ்வொரு சிலிண்டருக்குள்ளும் இப்படி இரண்டு இரும்புக் குழாய்கள் இருந்தன. உள் குழாய்க்குள் பிஸ்டன் ஓடியது. குழாய்களின் கீழ் முனையில் சிறு கைகள் மாட்டி, பக்கத்தில் சுழலும் ஒரு தண்டோடு இணைத்திருந்தார். தண்டு சுழலும்போது இரண்டு குழாய்களும் தத்தம் நேரத்தில் ஏறி இறங்கின. இந்த வகைக்கு ஸ்லீவ் வால்வு என்று பெயர். ஸ்லீவ் என்றால் சட்டைக் கை. கைக்குள் கை நுழைவது போல் இருப்பதால் அந்தப் பெயர்.

காகிதத்தில் வரைவது சுலபம். இரும்பில் செய்வது சுலபமா? இரண்டு குழாய்களுக்கும் இடையே எண்ணெய் புகும் அளவுக்கு இடைவெளி வேண்டும். இடைவெளி கொஞ்சம் கூடினால் ஆவி கசியும். கொஞ்சம் குறைந்தால், சூட்டில் இரும்பு விரிந்து குழாய்கள் இறுகிப் பிடித்துக்கொள்ளும். மயிரிழையில் எல்லாம் இருக்கிறது.

பணத்துக்கு எங்கே போவது? சிகாகோவைச் சேர்ந்த தொழில் அதிபர் கில்போர்ன் என்பவர் கைகொடுத்தார். 1903-ம் ஆண்டு, சிகாகோவுக்கு அருகில் உள்ள ஓக் பார்க் என்ற இடத்தில் முதல் சோதனை எஞ்சின் உருவாயிற்று. 1905-ம் ஆண்டு ஒஹையோ மாநிலத்தில் உள்ள எலிரியா நகரில் கடுமையான சோதனைகள் நடந்தன. எஞ்சின் தேறியது.

அதற்குள் சுமார் 1½ லட்சம் டாலர் கரைந்துவிட்டது!

ஊரில் மதிப்பு இல்லை

1906-ம் ஆண்டு சிகாகோவில் மோட்டார் கண்காட்சி நடந்தது. நைட்டும் கில்போர்னும் தங்கள் காரைக் கொண்டுபோய் நிறுத்தினார்கள். 4 சிலிண்டர், 40 குதிரை சக்தி. அதன் பெயர் சைலண்ட் நைட்.

இதில் ஒரு சிலேடை உண்டு. நைட் என்பது அவருடைய பெயர். கவசம் பூண்ட குதிரை வீரனுக்கும் இங்கிலீஷில் நைட் என்றுதான் பெயர். மௌன வீரன் என்று பொருள் கொள்ளலாம்; சத்தம் போடாத நைட் என்றும் கொள்ளலாம்.

விலை 3500 டாலர். இரண்டு ஆண்டு கழித்து வந்த போர்டு டி மாடல் காரின் விலை 850 டாலர்தான் என்றால், இது எவ்வளவு அதிகம் என்று தெரிந்துகொள்ளலாம்.

பார்த்தவர்கள் வியந்தார்கள். ஆனால் வியப்பு வேறு, வியாபாரம் வேறு. அமெரிக்கக் கார் கம்பெனிகள் எதுவும் அந்த எஞ்சினைச் செய்ய முன்வரவில்லை.

பத்திரிகை வேலையை விட்டு, இத்தனை பணத்தை இறைத்த ஒருவர் இந்த இடத்தில் மனம் ஒடிந்து போயிருக்கலாம். நைட் கப்பல் ஏறினார். காரும் கூடவே இங்கிலாந்துக்குப் போயிற்று.

ரகசியச் சோதனை

இங்கிலாந்தில் காவெண்ட்ரி நகரில் டெய்ம்லர் கம்பெனி இருந்தது. அரச குடும்பத்துக்குக் கார் செய்து கொடுத்த கம்பெனி. அதன் நிர்வாகிகளுக்கு நைட் தம் காரை ஓட்டிக் காட்டினார். அவர்களுக்கு அது பிடித்துவிட்டது.

ஆனால் அவர்கள் அவசரப்படவில்லை. எஞ்சினை வாங்கி, தங்கள் தொழிற்சாலையில் ரகசியமாக வைத்துச் சோதித்தார்கள். குறைகளைத் திருத்தினார்கள். பெயர் பெற்ற எஞ்சினீயரான பிரடரிக் லான்செஸ்டர் இந்த வேலைக்கு ஆலோசனை சொன்னார். ஆகவே பிற்காலத்தில் பெயர் வாங்கிய எஞ்சினில் லான்செஸ்டருக்கும் பங்கு உண்டு. நைட் மட்டும் தனியே செய்ததல்ல அது.

1908-ம் ஆண்டு டெய்ம்லர் ஓர் அறிவிப்பு வெளியிட்டது. இனித் தன் கார்களில் பழைய வால்வு கிடையாது, நைட் எஞ்சின்தான்!

மோட்டார் உலகம் திகைத்தது. பலர் கேலி செய்தார்கள். இரண்டு குழாய்கள் ஓயாமல் உரசினால் சீக்கிரமே தேய்ந்துபோகும் என்று நிபுணர்கள் வாதாடினார்கள். அது அறிவில்லாத வாதம் அல்ல. யாருக்கும் அந்தச் சந்தேகம் வரும்.

வாயால் பதில் சொன்னால் நம்புவார்களா? டெய்ம்லர் தன் எஞ்சின்களை ராயல் ஆட்டோமொபைல் கிளப்பிடம் ஒப்படைத்தது.

1909-ம் ஆண்டு அந்தச் சோதனை நடந்தது. எஞ்சின்களை மேடையில் பூட்டி, பாரம் ஏற்றி ஓடவிட்டார்கள். இரவு ஓடியது. பகல் ஓடியது. மொத்தம் 132 மணி நேரம். அதாவது ஐந்தரை நாள்!

அத்தோடு விட்டார்களா? அதே எஞ்சின்களைக் கார்களில் பூட்டினார்கள். புரூக்லண்ட்ஸ் பந்தயத் திடலில் சுமார் 2000 மைல் ஓட்டினார்கள். திரும்பக் கொண்டுவந்து, மறுபடி மேடையில் ஏற்றி 5 மணி நேரம் ஓட்டினார்கள். சக்தி குறையவில்லை. பிறகு எஞ்சின்களைப் பிரித்துப் பார்த்தார்கள். தேய்மானம் என்று சொல்லும்படி ஒன்றும் இல்லை.

அந்த ஆண்டின் டூவர் கோப்பை டெய்ம்லருக்குக் கிடைத்தது. கேலி செய்தவர்கள் வாய் அடைத்துப் போனார்கள்.

மன்னரும் மற்றவர்களும்

அதன் பிறகு நைட்டைத் தேடிக் கம்பெனிகள் வந்தன. பெல்ஜியத்தில் மினர்வா. பிரான்சில் பான்ஹார்டு. ஜெர்மனியில் மெர்ஸிடிஸ். சுமார் 30 கம்பெனிகள் நைட் வகை எஞ்சினைச் செய்தன. நைட்டுக்கு உரிமைப் பணம் கட்டவேண்டும். காரின் பெயரோடு நைட் என்ற பெயரும் சேரவேண்டும் என்பது அவர் போட்ட நிபந்தனை. அதனால்தான் மெர்ஸிடிஸ்-நைட், ஸ்டெர்ன்ஸ்-நைட், வில்லிஸ்-நைட் என்றெல்லாம் கார்கள் இருந்தன. வெண்ணெய்ப் பத்திரிகைக்காரருக்கு விளம்பரத்தின் அருமை தெரியும்!

ஐந்தாம் ஜார்ஜ் மன்னர் டெய்ம்லர் கார்களில் போனார். மன்னர் ஊர்வலத்தில் கார் மெதுவாகப் போகவேண்டும். மக்கள் வாழ்த்துவது காதில் விழவேண்டும். கடகடவென்று சத்தம் போடும் எஞ்சின் அதற்கு ஆகுமா?

பணக்காரர் காருக்கு மட்டும்தான் இது ஏற்றது என்று சொல்லமுடியாதபடி, 1914-ம் ஆண்டு ஒரு பந்தயம் நடந்தது. இங்கிலாந்துக்கு மேற்கே உள்ள மேன் தீவில் நடந்த அந்தப் பந்தயத்தில் மினர்வா கார்கள் 2-வது, 3-வது, 5-வது இடங்களைப் பிடித்தன.

உதறித் தள்ளிய அமெரிக்காவும் திரும்பி வந்தது. 1910-ம் ஆண்டு அமெரிக்கப் பேட்டெண்டு கிடைத்தது. அடுத்த ஆண்டு ஸ்டெர்ன்ஸ் கம்பெனி உரிமை வாங்கியது. பிறகு வந்தவர் ஜான் வில்லிஸ். பின்னாளில் ஜீப் வண்டிகளைச் செய்து பெயர் வாங்கிய அதே வில்லிஸ் கம்பெனியின் முதலாளி. நைட் எஞ்சினை நடுத்தர மக்கள் வாங்கும் காரில் வைத்தவர் இவர்தான். உலகத்தில் நைட் எஞ்சின் கார்களை அதிகமாகச் செய்ததும் வில்லிஸ்தான்.

கோர்ட்டில் தோல்வி

இதற்கிடையே ஸ்காட்லாந்தில் ஆர்கைல் என்ற கம்பெனி வேறு வகை ஸ்லீவ் எஞ்சினைச் செய்தது. இதைக் கண்டுபிடித்தவர்கள் பர்ட் என்ற ஸ்காட்லாந்துக்காரரும், மெக்கொல்லம் என்ற கனடாக்காரரும். இருவரும் தனித்தனியே கண்டுபிடித்தார்கள்.

இதில் இரண்டு குழாய் கிடையாது. ஒன்றே ஒன்றுதான். ஆனால் அது வெறுமனே ஏறி இறங்காது. ஏறும்போதும் இறங்கும்போதும் பக்கவாட்டில் கொஞ்சம் திரும்பும். திருகுகிற மாதிரி. இரண்டு குழாய் செய்யும் வேலையை ஒரே குழாய் செய்துவிடும்.

நைட் தரப்பு வழக்குத் தொடுத்தது. தங்கள் உரிமையைத் திருடிவிட்டதாகக் குற்றச்சாட்டு. வழக்கில் ஆர்கைல் ஜெயித்தது. ஆனால் ஜெயித்தவருக்கும் சந்தோஷம் இல்லை. வழக்குச் செலவும் சேர்ந்துகொள்ள, 1914-ம் ஆண்டு அந்தக் கம்பெனி மூழ்கியது.

மார்கரின் சண்டையில் நைட்டுக்குக் கைகொடுத்த பிடிவாதம் இங்கே கைகொடுக்கவில்லை. இந்த ஒற்றைக் குழாயைப் பற்றிப் பின்னால் மறுபடி சொல்ல வேண்டியிருக்கிறது.

நீலப் புகை

நைட் எஞ்சினுக்கு ஒரு குறை உண்டு. எண்ணெய் குடிக்கும்.

இரண்டு குழாய்கள் உரசாமல் நழுவ, இடையே எப்போதும் எண்ணெய் இருக்கவேண்டும். அந்த எண்ணெயில் கொஞ்சம் உள்ளே போய் எரியும். பின்னால் நீலப் புகையாக வரும். குளிர்காலக் காலையில் எண்ணெய் கெட்டிப்பட்டு, குழாய்களைப் பிடித்துக்கொள்ளும். முன்னால் நின்று கைப்பிடியைச் சுற்றி எஞ்சினைக் கிளப்புகிறவர் பாடு திண்டாட்டம்தான். எண்ணெய் தீர்ந்தது தெரியாமல் ஓட்டினாலோ, குழாய் இறுகி எஞ்சினே பாழாகும்.

மன்னர் ஊர்வலத்தில் கொஞ்சம் புகை வந்தால் யாரும் குறை சொல்லமாட்டார்கள். போர்க்களத்தில்?

1916-ம் ஆண்டு செப்டம்பர் 15-ந்தேதி. பிரான்சில் சோம் போர்க்களம். உலகத்தின் முதல் டாங்கிகளைப் பிரிட்டிஷ் படை களத்தில் இறக்கியது. ஒவ்வொன்றும் சுமார் 28 டன் எடை. உள்ளே 8 பேர். எஞ்சின், டெய்ம்லர் செய்த 105 குதிரை சக்தி நைட் வகை எஞ்சின். அவசரத்தில் கைக்குக் கிடைத்த எஞ்சின் அதுதான். டிராக்டருக்காகச் செய்தது.

சத்தமில்லாத வால்வினால் அங்கே ஒரு பிரயோசனமும் இல்லை. இரும்புப் பட்டைகள் போடும் கர்ஜனையில் வால்வுச் சத்தம் யாருக்குக் கேட்கப்போகிறது? ஆனால் புகை தெரிந்தது. பள்ளத்தில் இறங்கிவிட்டு எஞ்சினை வேகப்படுத்தினால், நீலப் புகை மேகமாக எழும்பும். டாங்கி எங்கே ஒளிந்திருக்கிறது என்பதை எதிரிக்கு அது காட்டிக் கொடுத்துவிடும். செங்குத்தான சரிவுகளில் எண்ணெய் ஒரு பக்கமாக ஒதுங்கி, மறுபக்கத்துச் சிலிண்டர்களுக்குப் போய்ச் சேராத தொல்லையும் இருந்தது.

ஹாரி ரிக்கார்டோ என்ற இளம் எஞ்சினீயரிடம் புது எஞ்சின் செய்யும் பொறுப்பை ஒப்படைத்தார்கள். அப்போது அவருக்கு வயது 31. புகை விடாத 150 குதிரை சக்தி எஞ்சினை அவர் செய்து கொடுத்தார். அதில் இருந்தவை பழைய காளான் வால்வுகள்தான்!

24 குழாய்கள்

போர் முடிந்த பிறகும் நைட் எஞ்சின் சாய்ந்துவிடவில்லை. பிரான்சில் விமானம் செய்து புகழ் பெற்ற கேப்ரியல் வாய்ஸின், 1919-ம் ஆண்டு கார் செய்யத் தொடங்கியபோது நைட் எஞ்சினையே தேர்ந்தெடுத்தார். 1926-ம் ஆண்டு டெய்ம்லர் 12 சிலிண்டர் கார் ஒன்றை வெளியிட்டது. சிலிண்டருக்கு இரண்டாக, மொத்தம் 24 குழாய்கள் ஏறி இறங்கும். அந்த எஞ்சின் ஓடுகிறதா, நின்றுவிட்டதா என்பதே சந்தேகமாக இருக்குமாம்.

அமெரிக்காவில் வில்லிஸ் கம்பெனி ஒரு புதுமையான விளம்பரம் செய்தது. மற்ற எஞ்சின்கள் ஓட ஓடக் கெடும். நைட் எஞ்சின் ஓட ஓட நன்றாகும் என்றது. இது முழுப் பொய் அல்ல. சாதாரண எஞ்சினில் கரி படிந்தால் வால்வு சரியாக மூடாது. நைட் எஞ்சினில் படியும் கரி, சந்துகளை அடைத்து, கசிவைக் குறைக்கும் என்பது அவர்கள் கணக்கு. எண்ணெய்ச் செலவைப் பற்றி விளம்பரம் அவ்வளவு உரக்கப் பேசவில்லை.

பழைய வால்வு திருந்தியது

நைட்டைத் தோற்கடித்தது வேறொரு புது வால்வு அல்ல. அவர் வெறுத்த அதே பழைய வால்வுதான்.

வெளியே கிடந்த ஸ்பிரிங்குகளையும் தண்டுகளையும் மற்றக் கம்பெனிகள் மூடிக்குள் வைத்தன, எண்ணெயில் குளிப்பாட்டின. பாதிச் சத்தம் அதிலேயே அடங்கியது. சூட்டைத் தாங்கும் நல்ல உருக்குகள் வந்தன. வால்வுத் தண்டைக் குடைந்து உள்ளே சோடியம் அடைத்து, சூட்டைக் கடத்தும் வித்தையும் வந்தது. பிறகு, வால்வுக்கும் அதைத் தள்ளும் கருவிக்கும் நடுவே இருந்த இடைவெளியை எண்ணெய் அழுத்தத்தால் நிரப்பினார்கள். 1930-ம் ஆண்டு காடிலாக் காரில் இது வந்தது. இடைவெளி போயிற்று, தட்டலும் போயிற்று.

இவ்வளவும் மலிவாக முடிந்தது. நைட் எஞ்சினிலோ, ஒவ்வொரு குழாயையும் உள்ளும் புறமும் மயிரிழை சுத்தமாகக் கடையவேண்டும். செலவு அதிகம். எஞ்சின்களின் வேகமும் ஆண்டுக்கு ஆண்டு கூடிக்கொண்டே போயிற்று. கனமான குழாய்களை அந்த வேகத்தில் ஏற்றி இறக்குவது கஷ்டம்.

மெர்ஸிடிஸ் 1924-ம் ஆண்டில் நிறுத்தியது. ஸ்டெர்ன்ஸ் 1929-ம் ஆண்டில் மூடப்பட்டது. அமெரிக்காவில் பணமுடை வந்து, வேலையில்லாத் திண்டாட்டம் பெருகியது. வில்லிஸ் கம்பெனியே திவாலாகி, 1933-ம் ஆண்டில் வில்லிஸ்-நைட் கார் நின்றது. நைட்டை முதலில் நம்பிய டெய்ம்லரும் 1930-க்குப் பிறகு படிப்படியாகப் பழைய வால்வுக்குத் திரும்பியது. பான்ஹார்டு ஒன்றுதான் 1939 வரை பிடித்துக்கொண்டு இருந்தது.

1940

1940-ம் ஆண்டு சார்லஸ் யேல் நைட் இறந்தார். வயது 72. அப்போது இரண்டாவது உலகப் போர் நடந்துகொண்டிருந்தது.

இங்கேதான் அந்த ஒற்றைக் குழாய் திரும்பி வருகிறது.

டாங்கியிலிருந்து நைட் எஞ்சினை எடுக்க வைத்தாரே ரிக்கார்டோ, அவரே பிற்காலத்தில் ஸ்லீவ் வால்வு பற்றி ஆராய்ந்தார். இரட்டைக் குழாயைவிட ஒற்றைக் குழாய் நல்லது என்று கண்டார். பிரிஸ்டல் கம்பெனியில் ராய் பெடன் என்ற எஞ்சினீயர் பல ஆண்டு பாடுபட்டு, விமான எஞ்சினில் அதைப் புகுத்தினார். கார் மெதுவாகப் போகும், வேகமாகப் போகும். குளிரில் நிற்கும். விமான எஞ்சின் அப்படி அல்ல. மணிக்கணக்கில் ஒரே சீராக, முழுச் சக்தியோடு ஓடும். சூட்டில் சிவக்கும் வால்வு அதில் இல்லாதது பெரிய லாபம்.

பிரிஸ்டல் கம்பெனியின் ஹெர்குலிஸ் எஞ்சினில் 14 சிலிண்டர்; 14 குழாய். போர்க்காலத்தில் பிரிட்டிஷ் குண்டு வீச்சு விமானங்கள் பலவற்றில் அது இருந்தது. மொத்தம் 57,000-க்கு மேல் செய்தார்கள். கோர்ட்டில் நைட் எதிர்த்து வழக்காடிய அதே பர்ட்-மெக்கொல்லம் வகைதான் அது. நைட் இறந்த ஆண்டில் அது ஏற்கெனவே வானத்தில் பறந்துகொண்டிருந்தது.

நைட்டின் இரட்டைக் குழாய் எஞ்சின்கள் அடியோடு மறைந்துவிடவில்லை. அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் பழைய கார்ப் பிரியர்கள் சிலர் அவற்றைத் துடைத்து வைத்து ஓட்டி வருகிறார்கள். கிளப்பியதும் பின்னால் நீலப் புகை எழும்பும். எஞ்சின் சூடு ஏறிய பிறகு புகை மெலியும். அப்புறம் கேட்பது சக்கரங்கள் உருளும் சத்தம்தான்.